விரல் தடவினால் தெரியாது

என் அக்கா புருஷனைத் தொழில் வட்டாரத்தில் எல்லோரும் தரகர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அத்தான் என்பேன். கோபம் வந்தால் நானும் தரகர் என்பேன். அத்தான் என்று வாயாரக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

வீடு, நிலம் எதற்கும் அவர் தரகு பார்த்ததில்லை. பழைய மிக்சிங் கன்சோல்களைச் சரிசெய்கிறவர். பாட்டுப் பதிவு செய்கிற இடங்களில் கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை, முழுக்கக் குமிழ்களும் மேலும் கீழும் தள்ளுகிற பொத்தான்களுமாக இருக்குமே, அதுதான். ஒவ்வொரு மைக்குக்கும் அதில் ஒரு சேனல். பழைய கன்சோல்களில் ஒவ்வொரு சேனலும் தனித் துண்டு. திருகைக் கழற்றினால் நீளமாக உருவி எடுத்துவிடலாம், ஒன்று செத்தால் அதே மாதிரி இன்னொன்றைச் செருகலாம். ஆனால் செய்த கம்பெனிகளே மூடிப் புல் முளைத்துவிட்ட பிறகு அதே மாதிரி இன்னொன்றுக்கு எங்கே போவது? அங்கேதான் இவர் வருவார். ஒரு கம்பெனிக் கன்சோலில் வேறொரு கம்பெனியின் சேனலைக் கொண்டுவந்து குடிவைப்பார். ஒத்தே வராத இரண்டு குடும்பங்களைச் சம்பந்தம் பண்ண வைக்கிற ஆள் என்று எவரோ கிண்டல் செய்தது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

வேலை லேசுப்பட்டது இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு சேனல் கொஞ்சம் நீளமாக இருக்கும், இன்னொன்று குட்டையாக இருக்கும். பின்பக்கத்து கனெக்டரில் கம்பிகள் வேறு வேறு வரிசையில் வரும். ஒன்று இருபத்துநாலு வோல்ட் கேட்கும், இன்னொன்றுக்குப் பதினெட்டுக்கு மேல் போனால் உயிர் போய்விடும். போதாததற்கு, வேற்று ஆள் உள்ளே நுழையக் கூடாதென்று ஒவ்வொரு கம்பெனிக்காரனும் சேனல் உட்காருகிற குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் முளை வேறு வைத்திருப்பான். அத்தான் முதலில் அந்த முளையை வெட்டுவார். பிறகு ஓரங்களை அரத்தால் ராவுவார், கம்பிகளை அறுத்து இடம் மாற்றி ஈயம் வைப்பார், முகப்புத் தகட்டுக்கு அதே நிறத்தில் பெயிண்ட் கலந்து அடிப்பார். எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரலால் தடவிக்கொண்டே போவார். எங்கேயாவது ஒரு மயிரிழை தட்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது, மறுபடி அரம்தான். விரல் தடவினால் தெரியக் கூடாது, இதுதான் அவருக்கு வேதவாக்கு.

அக்காவுக்குக் குரல்தான் தொழில். படங்களில் யார் யாரோ வாயசைக்க இவள் பேசுவாள். கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வாள். ஊரில் பாதித் தொலைபேசிகளில் ‘தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்’ என்று சொல்வதும் அவள்தான். ஒருமுறை ஏதோ அவசரத்துக்கு வங்கிக்குப் போன் செய்து, திரும்பத் திரும்பக் காத்திருக்கச் சொன்னவளை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டேன். வைத்த பிறகுதான் அது என் உடன்பிறந்தவள் என்று உறைத்தது.

இருவரும் சந்தித்தது ஒரு ஸ்டூடியோவில். அக்கா கண்ணாடி அறைக்குள் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள், குரல் கரகரவென்று விழுகிறது, எல்லோரும் அவள் தொண்டையைச் சந்தேகப்படுகிறார்கள். கன்சோலுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. கொஞ்ச நேரத்தில் கால்களுக்குச் சொந்தக்காரர் தலையெல்லாம் தூசியாக வெளியே வந்து, “உங்க குரல்ல ஒரு தப்பும் இல்ல. ஆறாவது சேனல்லதான் தப்பு” என்றாராம். இதைவிடப் பெரிய காதல் வசனம் அந்த மனிதர் வாழ்நாளில் பேசியதில்லை. என் அக்கா இதற்கே விழுந்துவிட்டாள்.

கல்யாணமானதும் வாக்குக் கொடுத்தார். வாடகை வீட்டின் முன்னறையை அவளுக்கென்று ஒரு சின்ன ஸ்டூடியோவாக ஆக்கித் தருவதாக. அக்கா கை வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். மூடிப்போன வானொலி நிலையம் ஒன்றிலிருந்து நீல நிறக் கன்சோல் ஒன்று, பதினாறு சேனலும் உயிரோடு, வந்து இறங்கியது. வாசற்கதவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. இனி ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு மைக், ஒரு நாற்காலி, சுவருக்குக் கனத்த துணி, இவ்வளவுதான் பாக்கி. ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் வராந்தாவில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு இதோடு முடிந்தது என்று அக்கா நம்பினாள். தினமும் அந்தக் கன்சோலைத் துடைப்பாள். புடவை வேண்டும், நகை வேண்டும் என்று அவள் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அவள் கேட்டது அந்த ஓர் அறையைத்தான்.

கண்ணாடித் தடுப்பு வருவதற்கு முன்னால் பெரிய ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்தது. அங்கே இருந்தது சாம்பல் நிறக் கன்சோல், வேறு கம்பெனி. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சேனல் புகைந்துவிட்டது. வாத்தியக்காரர்கள் மொத்தப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தான் வீட்டுக்கு ஓடிவந்து நீலக் கன்சோலிலிருந்து ஒன்றை உருவினார்.

“இரவல்தான்” என்றார் அக்காவிடம். “அவங்களது ரிப்பேர் ஆனதும் நம்மளது திரும்பி வந்துடும்.”

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவர் கால் தரையில் பாவவே இல்லை. முதலாளியே வந்து தடவிப் பார்த்தாராம், எது புதிது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். அப்புறம் அடுத்தது செத்தது. அதற்கடுத்தது. நீலத்தின் சத்தம் நன்றாக இருக்கிறதென்று, சாகாததையும் மாற்றச் சொன்னார்கள். யாராவது கொஞ்சம் பாராட்டிவிட்டால் போதும், இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும், வீட்டுக்கு வந்து இன்னொன்றை உருவிக்கொண்டு போவார். ஒவ்வொரு முறையும் அதே பாட்டுதான், இரவல்தான், திரும்பி வந்துடும். போகும்போது அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷ் புட்டியும் அவர் பையில் போகும். கேட்டால், ஈயம் வைத்த இடத்தில் ஈரம் படாமல் பூச என்பார். அக்கா நகத்துக்குப் பூசியதைவிட அவர் கன்சோலுக்குப் பூசியதுதான் அதிகம்.

நானும் சும்மா இருக்கமாட்டேன். “தரகரே, நம்ம வீட்டுப் பொண்ண இப்படித் துண்டு துண்டா கட்டிக் கொடுக்கறீங்களே, மறுவீட்டுக்காவது கூட்டிட்டு வரமாட்டீங்களா?” என்பேன். அவர் சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். அப்போதெல்லாம் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

கடைசியில் முன்னறையில் பதினாறு ஓட்டைகளும் ஒரு நீலச் சட்டமும் மிஞ்சின. அதைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும், வர வேண்டும். யாராவது வந்தால் உட்கார இடம் கிடையாது. சட்டத்தைத் தூக்கிப் போடலாமே என்றால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், சேனல் திரும்பி வந்தால் எதில் செருகுவது என்பார். இதற்குள் காலம் மாறி, உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று இருந்தால் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பலாம் என்றாகிவிட்டது. அக்கா ஒன்று வாங்கினாள். முன்னறையில் சட்டம் கால் நீட்டிப் படுத்திருக்க, என் அக்கா பின்னறையில் துணி அலமாரிக்குள் புகுந்து, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடப் புத்தகம் வாசித்தாள். வேர்த்துக் கொட்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவில் கதவைத் திறந்து மூச்சு வாங்கிக்கொள்வாள். சேனல்கள் வந்துவிட்டால் அறை கிடைத்துவிடும் என்று அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

பெரிய ஸ்டூடியோவின் முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு அவர் மனைவி அதை எடுத்து நடத்தினார். ஸ்டூடியோ அம்மா என்போம். நேரான மனுஷி, அடுத்தவர் சாமான் தன்னிடம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. வேறெங்கோ ஒரு ஸ்டூடியோவை இடித்தபோது சாம்பல் நிறச் சேனல்கள் ஒரு முழு செட் பிரிக்காமல் கிடைத்ததாம். அக்காவுக்கே போன் செய்தார்.

“ஏம்மா, உங்க வீட்டு நீலச் சேனல் எல்லாம் இத்தனை வருஷமா எங்ககிட்டதானே இருக்கு. எங்களோடது இப்ப முழுசா கிடைச்சிடுச்சு. வந்து உங்களோடத எடுத்துக்கிட்டு இதப் போட்டுக் கொடுக்கச் சொல்லு.”

அக்கா அடுத்த நிமிடம் எனக்குப் போன் செய்தாள். எத்தனையோ பேருக்காக அழுது, சிரித்துப் பேசிய குரல், அன்றைக்கு நடுங்கியது. அன்றே டேப்பை வைத்து முன்னறையை அளந்தாள். கண்ணாடிக்காரனிடம் விசாரித்தாள். அத்தான் மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. இன்றைக்கு மழை என்பார், நாளைக்கு முதுகுவலி என்பார், அந்தச் சேனல் எல்லாம் நல்லதா என்று யாருக்குத் தெரியும் என்பார். கடைசியில் நான் என் கடை வண்டியை எடுத்துக்கொண்டு போய், “ஏறுங்க அத்தான்” என்று வாசலில் நின்றேன். சேனல்களைச் சுற்றிக்கொண்டு வர அக்கா பழைய போர்வைகளைத் துவைத்து மடித்து எடுத்துவந்திருந்தாள். நல்ல உடை உடுத்திக்கொண்டிருந்தாள்.

ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் இருந்தார், அந்தக் காலத்து ஆள். சாம்பல் நிறக் கன்சோல் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதில் இருப்பது அத்தனையும் எங்கள் வீட்டுச் சேனல் என்று சத்தியம் செய்தாலும் நம்பமுடியாது, அவ்வளவு வழவழப்பு. ஒலிப்பதிவாளர் உற்சாகமாக முதல் சேனலின் திருகைக் கழற்றி உருவி அக்கா கையில் கொடுத்தார். பெட்டியைப் பிரித்துச் சாம்பல் நிறத்தது ஒன்றை எடுத்தார். அத்தான் சுவரோரமாக நின்றார்.

“அத போடாதீங்க” என்றார்.

“ஏன்?”

“அது போகாது.”

“நம்ம சேனல், நம்ம கன்சோல். ஏன் போகாது?” என்று சொல்லிக்கொண்டே ஒலிப்பதிவாளர் செருகினார். வெண்ணெயாக உள்ளே போனது. சுவிட்சைப் போட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகுகிற வாடை, இடுக்கிலிருந்து மெல்லியதாகப் புகை. ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தது அத்தான்தான்.

கருகியதை வெளியே எடுத்தார்கள். அக்கா குனிந்து குழிக்குள் பார்த்தாள். உள்ளே ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

“இது என் நெயில் பாலிஷ்தானே?”

“ஆமா.”

“எதுக்கு வச்சீங்க?”

“இருபத்துநாலு வோல்ட்டுக்கு மாத்தியாச்சுன்னு அடையாளம். அந்தப் பொட்டு இருந்தா இவங்களோட பழைய சேனலப் போடக் கூடாது.”

“எல்லாக் குழியிலயும் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப முதல் நாளே தெரியும். நம்மளது திரும்பி வராதுன்னு.”

பதில் சொன்னது ஒலிப்பதிவாளர். பாவம், விவரம் புரியாமல் உதவப் பார்த்தார். “அப்படியும் சொல்ல முடியாதும்மா. முதல் தடவ தரகர் ஒண்ணும் வெட்டலயே. நடுவுல ஒரு அட்டை செஞ்சு கொண்டுவந்தாரு” என்று இழுப்பறையைக் குடைந்து எடுத்தார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சை சர்க்யூட் அட்டை, ஒரு பக்கம் சாம்பல் குழிக்கு, மறுபக்கம் நீலச் சேனலுக்கு. கன்சோலில் எதையும் தொட வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் உருவிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு குறை, சேனல் மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை மேலே நிற்கும். அதைப் பார்த்து அன்றைக்கு முதலாளி, ‘என்ன தரகரே, பல்லு துருத்திக்கிட்டு நிக்குது?’ என்றிருக்கிறார். வாத்தியக்காரர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவர் உடனே அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முளையை வெட்டி, அரத்தை எடுத்திருக்கிறார்.

“அதுக்காகவா?” என்றாள் அக்கா.

“அசிங்கமா இருந்துச்சு” என்றார் அத்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அட்டையாலேயே நாலு வைத்திருப்பேன். ஸ்டூடியோ அம்மா முந்திக்கொண்டார். “சரி, போனது போகட்டும். என் கன்சோல் எப்படி ஆனாலும் பரவாயில்ல. நீலத்த எல்லாம் எடுத்துட்டுப் போங்க. குழிங்கள பழையபடி மாத்திக் கொடுங்க. இல்லன்னா இதே மாதிரி அட்டை செஞ்சு எங்களோடதப் போடுங்க, துருத்திக்கிட்டே நிக்கட்டும். நான் சிரிக்க மாட்டேன்.”

இதைவிட ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அத்தான் கன்சோல் பக்கம் வந்து, ஒரு சேனலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் விரலை வைத்துத் தடவினார்.

“செய்ய முடியும். ஆனா நான் செய்ய மாட்டேன்” என்றார். “பிரிச்சுட்டா இந்த மாதிரி ஒண்ண இனிமே என்னாலயே செய்ய முடியாது, கண்ணு போச்சு. இத என் கையால பிரிக்க மாட்டேன். கன்சோல் கெட்டுடும்.”

“கெட்டாப் பரவாயில்லன்னு அவங்களே சொல்றாங்க.”

“அவங்களுக்குத் தெரியாது.”

“என் கன்சோலு?” என்றாள் அக்கா.

“அது சும்மாதானே கெடக்கு” என்றார்.

வேண்டுமென்றே புண்படுத்தச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். அக்கா கையிலிருந்த நீலச் சேனலை ஒலிப்பதிவாளரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை அதன் குழியில் வைத்துத் திருகும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு ஒரு விரலைக் கன்சோலின் இந்தக் கோடியில் வைத்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டே நடந்தாள்.

“உண்மைதான். தெரியல” என்றாள். ஸ்டூடியோ அம்மாவிடம் திரும்பினாள். “அம்மா, உங்க கண்ணாடி அறை காலையில காலியா இருக்குமா?”

“இருக்கும்மா. எப்ப வேணா வந்து வாசி.”

“வந்து போறது இல்லம்மா. எங்க வீட்டுச் சாமான் எல்லாம் இங்கதான் இருக்கு. நானும் இங்கயே இருந்துக்கறேன்.”

ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார். நானும் விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். வண்டியில் அவள் ஏறவில்லை. மடித்த போர்வைகளையும் தரகரையும் மட்டும் ஏற்றிக்கொண்டு நான் திரும்பிவந்தேன். வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கருகின சேனலை அவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்களா, அல்லது கேட்டால் கொடுப்பார்களா என்று.

அக்கா இப்போது ஸ்டூடியோ மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். காலை நேரம் முழுக்கக் கண்ணாடி அறை அவளுக்கு. நன்றாகத்தான் இருக்கிறாள், உடம்புகூடத் தேறியிருக்கிறது. என்னதான் இருந்தாலும் அது அடுத்தவர் அறைதான். ஸ்டூடியோ அம்மாவுக்குப் பிறகு என்ன என்று அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

வாரம் ஒருமுறை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். என் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம், அதற்காக ஒரு மனிதரைப் பட்டினி போட முடியுமா? போன வாரம் போனபோது, நீலச் சட்டத்தின் குழிகளை அளந்துகொண்டிருந்தார். வேறு கம்பெனிச் சேனல் ஏதாவது கிடைத்தால் கொஞ்சம் ராவிப் பொருத்திவிடலாமாம். தட்டை அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன்.

“தரகரே, சேனலத் தேடினது போதும். அவளுக்கு ஒரு போன் பண்ணுங்க. ‘வா’ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“வருவாளா?”

“கேட்டாத்தானே தெரியும்.”

கையைத் துடைத்துக்கொண்டு அவரே ஸ்டூடியோ எண்ணை ஒற்றினார். காதில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளே எடுத்துவிட்டாள் என்று நினைத்து நான் அடுப்படிப் பக்கம் ஒதுங்கப் போனேன். அவர் என்னைக் கையைத் தட்டிக் கூப்பிட்டுப் போனை என் பக்கம் நீட்டினார்.

“மூணாவது சேனல். நான் மாத்திக் கொடுத்ததுதான். ஒரு தப்பும் இல்ல, கேளு.”

வாங்கிக் கேட்டேன். கரகரப்பு, இரைச்சல், எதுவும் இல்லை. ஸ்டூடியோவுக்காகப் பதிவு செய்து வைத்திருந்த குரலில், அனைவரும் பணியில் இருக்கிறார்கள், தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.